வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் கடையைப் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் அகரம்தென் ஊரைச் சேர்ந்தவள். பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். வீட்டைப் பார்த்துக்கிட்டே, எங்க குழுவுல ஆறு பேர் சேர்ந்து சமையல் ஆர்டர் எடுத்துச் செய்றோம். பழைய வண்டி வாங்குறதைப் பத்தி என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. அதுக்குக் காரணம் இருக்கு. இந்த வருஷம் வண்டி வாங்கக் கடன் வேணும்னு நம்ம கூட்டமைப்புக்குப் பல குழுக்களில் இருந்து மனு வந்திருக்கு. ஒருத்தருக்குக் காய்கறி ஏத்தணும். ஒருத்தருக்குத் தைச்ச துணி மூட்டையைக் கடைக்குக் கொண்டு போகணும். எங்களை மாதிரி ஆளுங்களுக்குச் சாம்பார் அண்டாவும் சாதக் குண்டானும் சூடு ஆறாம போய்ச் சேரணும். புது வண்டி வாங்குற அளவுக்கு யார்கிட்டயும் காசு இல்லை. அதனால பழைய வண்டி.

நான் மெக்கானிக் கிடையாது. பானெட்டைத் திறந்து காட்டினா பாதிப் பொருளுக்குப் பேர் தெரியாது. ஆனா நான் இன்னிக்குச் சொல்லப் போறதுக்கு அந்தப் படிப்பு வேண்டியதில்லை. கடைத்தெருவுல நாலு கடை ஏறி விலை கேட்கத் தெரிஞ்சா போதும். அது நம்ம எல்லாருக்கும் தெரியும்.

முதல்ல ஒரு கேள்வி. நீங்க மிக்ஸி வாங்கும்போது என்ன பார்ப்பீங்க? கலரையும் பார்ப்போம், விலையையும் பார்ப்போம். அதோட, ஜாருக்கு அடியில இருக்குற கப்ளர் தேஞ்சா நம்ம பஜார்ல கிடைக்குமான்னும் பார்ப்போம். குக்கர் வாங்கினா கேஸ்கட்டும் வெயிட்டும் பக்கத்துக் கடையில இருக்கணும். சொந்தக்காரங்க வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்த அருமையான மிக்ஸி, ஒரு சின்ன கப்ளர் கிடைக்காம பரண் மேல ஏறின கதை எத்தனை வீட்டுல இருக்கு? கார் விஷயமும் அதேதான். மிக்ஸி நின்னா அம்மியில அரைச்சிடலாம். கடன்ல வாங்கின கார் நின்னா மாசத் தவணை நிக்காது.

நம்ம கூட்டமைப்புல ஒரு தங்கச்சி. அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன், பேர் வேண்டாம். நல்ல கார், குறைஞ்ச விலை, உள்ளே ஏ.சி., சீட்டெல்லாம் புதுசு மாதிரி. வாங்கி ஏழாவது மாசம் ஒரு மழை நாள்ல முன் பக்கம் லேசா இடிச்சுது. ஹெட்லைட்டும், அதுக்குப் பின்னாடி இருக்குற ரேடியேட்டரும் போச்சு. அந்த மாடல் இப்ப வர்றதில்லை. ஹெட்லைட் இந்தக் கடையில இல்லை, அந்தக் கடையில இல்லைன்னு சொல்லி நாப்பத்தி மூணு நாள் கார் ஷெட்டுல நின்னுச்சு. காரை நம்பி எடுத்த ஆர்டர் எல்லாம் வேற ஆளுக்குப் போச்சு. அந்த ரெண்டு மாசத் தவணையையும் காதுல கிடந்ததை அடகு வச்சுத்தான் கட்டினாங்க. அந்தத் தங்கச்சி மேல ஒரு தப்பும் கிடையாது. கார்லயும் தப்பு இல்லை. வாங்குற அன்னிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. அவ்வளவுதான்.

அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

நம்ம பக்கத்துல ஒரு நினைப்பு இருக்கு. "நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே கார் ஃபாக்டரி இருக்கு, பார்ட்ஸுக்கு என்ன பஞ்சம்?" என்று. சென்னைக்குத் தெற்கே இருக்குற நாம இதை நல்லா யோசிச்சுப் பார்க்கணும். பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பெருங்களத்தூர் வண்டலூர் பக்கத்துல ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் என்று ஒரு தொழிற்சாலை இருந்தது. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கிருந்து வந்தது. அந்தக் காலத்து டாக்டர் வீடுகள்லயும் சினிமாவுலயும் அந்தக் காரைப் பார்த்திருப்பீங்க. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் கொண்டு வந்தாங்க. அது எடுபடலை. 80-களின் கடைசியில் கார் செய்யறது நின்னு போச்சு. ஃபாக்டரி நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுலதான் இருந்தது. அதுக்காக அந்த ரோட்டுல இன்னிக்கு ஸ்டாண்டர்டு 2000-க்குப் பொருள் கேட்டா எந்தக் கடையில எடுத்துத் தருவாங்க?

அடுத்தது மறைமலை நகர். ஃபோர்டு கம்பெனி அங்கே பெரிய தொழிற்சாலை கட்டி ஐகான், ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட் எல்லாம் செஞ்சாங்க. நம்ம பிள்ளைங்க எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்தாங்க. 2021 செப்டம்பர்ல, இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. 2022-இல் மறைமலை நகர்லயும் கார் வர்றது நின்னுச்சு. வாங்கினவங்களுக்குப் பார்ட்ஸும் சர்வீஸும் தொடர்ந்து கொடுப்போம்னு கம்பெனி சொன்னது. இருந்தாலும் புதுக் கார் விக்காத கம்பெனிக்கு ஊருக்கு ஊர் ஷோரூம் எதுக்கு? அதனால வாங்குறவங்க கூடுதலா விசாரிச்சுத்தான் வாங்கணும்.

ஒரகடத்துல நிஸானும் ரெனோவும் சேர்ந்து ஆரம்பிச்ச தொழிற்சாலை. டாட்சன் ரெடி-கோ என்று சின்னக் கார் அங்கிருந்து வந்தது. 2022-இல் டாட்சன் என்ற பேரையே இந்தியாவுல நிறுத்திட்டாங்க. செவர்லே கார் இங்கே செஞ்சதில்லை, குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் செஞ்சாங்க. அதுவும் 2017 கடைசியோட விற்பனையை நிறுத்திடுச்சு. இன்னொரு பக்கம், இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவோட ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கு.

மாருதி ஃபாக்டரி எங்கே இருக்கு? வடக்கே ஹரியானாவுல. ஆனா நம்ம சேலையூர் கேம்ப் ரோட்டுல இருக்குற சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலகூட ஆல்ட்டோவுக்கும் வேகன் ஆருக்கும் பிரேக் ஷூ தொங்குது. ஆக, ஃபாக்டரி பக்கத்துல இருக்கிறது வேற, பார்ட்ஸ் பக்கத்துல இருக்கிறது வேற. பழைய வண்டி வாங்குறவங்களுக்கு ரெண்டாவதுதான் முக்கியம்.

இதை எப்படிப் பார்க்கிறது? நாங்க ஆறு பேரும் செஞ்சதை வரிசையா சொல்றேன்.

முதல்ல ரோட்டைப் பார்த்தோம். காசு செலவில்லாத வேலை. கேம்ப் ரோடு சந்திப்புல ஒரு அரை மணி நேரம், மேற்குத் தாம்பரத்துல முடிச்சூர் ரோட்டுல ஒரு அரை மணி நேரம் நின்னு, எந்த மாடல் எத்தனை போகுதுன்னு நோட்டுல கோடு போட்டோம். கூட்டத்துக்கு வராதவங்க பேரை எழுதுற மாதிரிதான். எந்த வண்டி நிறைய ஓடுதோ அதுக்குப் பொருள் வச்சா கடைக்காரருக்கு விக்கும். விக்காத பொருளை எந்தக் கடைக்காரரும் முதல் போட்டு வாங்கி அடுக்க மாட்டார். நாமளே பெட்டிக் கடை வச்சா அப்படித்தானே செய்வோம்?

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வாடகைக் காரா நிறைய ஓடுற மாடலுக்குப் பொருள் தட்டாம கிடைக்கும். டாக்ஸி ஓட்டுறவர் ஒரு நாள் நின்னாலும் அவருக்கு நஷ்டம், அதனால அவர் நம்பி வாங்குற மாடலுக்குக் கடையும் இருக்கும், ஆளும் இருக்கும். ஆனா டாக்ஸியாவே ஓடித் தேஞ்ச வண்டியை வெள்ளை போர்டா மாத்தி விக்கிறதும் உண்டு. ஆர்.சி.யில பழைய விவரத்தைப் பாருங்க. டாக்ஸியா ஓடுற மாடலை வாங்கலாம். டாக்ஸியா ஓடி ஓஞ்ச வண்டியை வாங்க வேண்டாம்.

ரெண்டாவது, கடைக்குப் போனோம். இதுதான் முக்கியமான வேலை. கார் வாங்குறதுக்கு முன்னாடியே பார்ட்ஸ் கடைக்குப் போனோம். ஒரு தாள்ல பத்துப் பொருள் எழுதிக்கிட்டோம். நீங்களும் எழுதிக்கோங்க.

1. பிரேக் பேடு, பிரேக் ஷூ.
2. கிளட்ச் பிளேட் செட்.
3. முன் சக்கரத்து லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர்.
4. வீல் பேரிங்.
5. ரேடியேட்டர்.
6. வாட்டர் பம்ப்.
7. பெட்ரோல் பம்ப் மோட்டார்.
8. ஹெட்லைட்.
9. சைடு மிரரும் முன் பம்பரும்.
10. இன்ஜினை நடத்துற மின்னணுப் பெட்டி, அதாவது ஈ.சி.எம்., அதோட சென்சார்கள்.

முதல் நாலும் ஓட ஓடத் தேயுற பொருள். எந்தக் காருக்கும் ஒரு நாள் மாத்தித்தான் ஆகணும். அடுத்த மூணும் வருஷம் ஆக ஆகப் போகிற பொருள். எட்டும் ஒன்பதும் இடிச்சா உடையிற பொருள். பத்தாவது, போனா கார் அசையாது. இதுல ஒரு விஷயம் கவனிங்க. கம்பெனி மூடிட்டுப் போன காருக்கும் பிரேக் பேடு, ஃபில்டர் மாதிரி தேயுற பொருள் பெரும்பாலும் கிடைச்சிடும். வேற கம்பெனிக்காரங்க அதைச் செஞ்சு விக்கிறாங்க. சிக்கல் வர்றது எட்டு, ஒன்பது, பத்துல. ஒரு காரோட ஹெட்லைட்டும் பம்பரும் அந்த ஒரு காருக்குத்தான் பொருந்தும். அதனால, "இந்த வண்டிக்கு எல்லாம் கிடைக்கும் அக்கா" என்று விக்கிறவர் சொன்னா, "ஹெட்லைட் எங்கே கிடைக்கும், என்ன விலை?" என்று கேளுங்க.

ஒவ்வொரு பொருளுக்கும் மூணு கேள்வி. இப்ப கடையில இருக்கா? இல்லைன்னா எத்தனை நாள்ல வரும்? கம்பெனிப் பொருள் என்ன விலை, வெளிக் கம்பெனிப் பொருள் என்ன விலை? பதிலை அங்கேயே எழுதிக்கணும். வீட்டுக்கு வந்து எழுதினா மறந்துடும்.

முதல் கடையில, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்டாங்க. எங்க கூட வந்த அக்கா, "காசு கட்டப் போறது நாங்கதாண்ணே, அதான் நாங்களே கேட்கிறோம்" என்றாங்க. அதுக்கப்புறம் அந்த அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார வச்சு, பத்துப் பொருளுக்கும் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொன்னார். கடைக்குள்ள போகக் கூச்சப்படாதீங்க. பாத்திரக் கடை மாதிரி அதுவும் ஒரு கடைதான்.

மூணாவது, கையைப் பார்த்தோம். கை என்றால் மெக்கானிக் கை. பொருள் இருந்தாலும் மாட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். அம்பாசடர் கார் 1950-களின் கடைசியில் இருந்து 2014 வரைக்கும் நம்ம நாட்டுல வந்துச்சு. அது எத்தனை காலம் ஓடினதுக்கும் காரணம், எந்த ஊர் மரத்தடியிலயும் அதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். நம்ம வீட்டில் இருந்து அஞ்சு கிலோமீட்டருக்குள்ள மூணு மெக்கானிக்கைப் பாருங்க. காரோட பேரையும் வருஷத்தையும் சொல்லி, "இந்த வண்டி உங்ககிட்ட வருதா தம்பி?" என்று கேளுங்க. மூணு பேரும் "வருது, கொண்டு வாங்க" என்றால் நல்லது. "கம்பெனி சர்வீஸ்லதான் பார்க்கணும்" என்றால், அந்த சர்வீஸ் சென்டர் எங்கே இருக்குன்னு கேட்டுக்கோங்க. பழுதான வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போற செலவு நம்ம தலையிலதான்.

நாலாவது, வண்டிக்கு அண்ணன் தம்பி யாருன்னு பார்க்கணும். மனுஷங்களுக்கு மாதிரி காருக்கும் சொந்தம் உண்டு. ஒரே இன்ஜின் வேற வேற பேர்ல வரும். ஃபியட் கம்பெனியோட 1.3 டீசல் இன்ஜின் ஒண்ணு இருந்தது. அதே இன்ஜின் மாருதி ஸ்விஃப்ட், டிசையர்லயும் இருந்தது, டாடா இண்டிகா விஸ்டாவுலயும் இருந்தது, ஃபியட் புன்டோவுலயும் இருந்தது. இப்ப புன்டோ வர்றதில்லை. ஆனா அந்த இன்ஜினைப் பிரிச்சுப் பழகின கை நம்ம ஊர்ல நிறைய இருக்கு, உள்ளே போடுற பொருளும் பல கிடைக்கும். அதுக்காகப் புன்டோவோட கதவையும் ஹெட்லைட்டையும் ஸ்விஃப்ட் கடையில வாங்க முடியுமா? முடியாது. அதே மாதிரி டாட்சன் ரெடி-கோவுக்கு ரெனோ க்விட் கூடப் பிறந்த மாதிரி. ரெண்டும் ஒரே அடித்தளத்துல, ஒரகடத்துலயே செஞ்சது. அண்ணன் நின்னு போனாலும் தம்பி ஓடிக்கிட்டு இருந்தா இன்ஜின் பக்கம் பயம் குறைவு. உடம்புப் பக்கம் மட்டும் தனியா விசாரிக்கணும். "இதோட இன்ஜின் வேற எந்த வண்டிக்கு வரும்?" இந்த ஒரு கேள்வியை மெக்கானிக்கிட்ட கேட்டாலே பாதி விஷயம் விளங்கிடும்.

அடுத்தது பொருள்லயே மூணு ரகம் இருக்கு. அதைக் குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு, கார் கம்பெனி பேர் போட்ட டப்பாவுல வர்றது. ரெண்டு, பொருள் செய்யற கம்பெனி தன் பேர்லயே விக்கிறது. இது போலி கிடையாது. பாடியில பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., அம்பத்தூர்ல ரானே, செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் என்று நம்ம சென்னையிலேயே எத்தனையோ காலமா வண்டிப் பொருள் செய்யற கம்பெனிகள் இருக்கு. இவங்க பொருளைப் பில்லோட வாங்கினா விலையும் குறையலாம், தரமும் இருக்கும். மூணாவது, கம்பெனி டப்பா மாதிரியே அச்சடிச்ச டூப்ளிகேட். அதுல சேமிக்கிற இருநூறு ரூபாய் நம்ம உசுருக்கு விலை கிடையாது. பில் தராத கடையில பிரேக் சாமான் வாங்காதீங்க.

பொருள் வாங்கப் போகும்போது ஆர்.சி.யை ஃபோன்ல படம் எடுத்துக்கிட்டுப் போங்க. அதுல சேஸிஸ் நம்பர் 17 எழுத்தும் எண்ணுமா இருக்கும். ஒரே பேர்ல வந்த காருக்கு வருஷத்துக்கு வருஷம் பொருள் மாறும். அந்த நம்பரைச் சொன்னா சரியான பொருளைக் கடைக்காரர் கண்டுபிடிச்சிடுவார். ரவிக்கைக்கு அளவு ரவிக்கை கொடுக்கிற மாதிரிதான்.

தாம்பரத்துல கிடைக்காத புதுப் பொருளுக்கு அண்ணா சாலை பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கு. வரிசையா வண்டிப் பொருள் கடைகள். கழட்டின பழைய பொருளுக்குப் புதுப்பேட்டை. தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி எழும்பூர்ல இறங்கினா பக்கம்தான். வெளியூர்ல இருந்தெல்லாம் அங்கே தேடி வர்றாங்க. நின்னு போன மாடலுக்குக் கதவு, கண்ணாடி, மிரர், பம்பர், சீட்டு மாதிரி பொருளை அங்கே தேடலாம். ஆனா பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட், டயர் இதெல்லாம் பழசுல வாங்கவே கூடாது. எந்தப் பொருளா இருந்தாலும் பில் கேளுங்க. யாரோ ஒருத்தர் பறிகொடுத்த வண்டியோட கதவு நம்ம வண்டிக்கு வேண்டாம். இன்னொண்ணு, எல்லாப் பொருளுக்கும் புதுப்பேட்டைக்குத்தான் போகணும்னு சொல்ற வண்டி, தொழிலுக்கு ஆகாது. போய்த் தேடி அலையிறது ஒரு நாள், கிடைக்கலைன்னா இன்னொரு நாள்.

நம்ம பக்கத்துல கண்டிப்பா பார்க்க வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் தண்ணியில நின்னதை நாம யாரும் மறக்கலை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெற்குப் பக்கம் பல இடத்துல வீட்டு வாசல்ல நின்ன கார்கள் முங்கிடுச்சு. இதுக்கும் பார்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. தண்ணி புகுந்த கார்ல முதல்ல கெடுறது ஒயரிங்கும் சென்சாரும் அந்த மின்னணுப் பெட்டியும்தான். அதாவது நம்ம பட்டியல்ல பத்தாவது, விலை கூடின பொருள். இன்னிக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேறு படிஞ்ச கறை தெரியும். கால் மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில கையை வச்சுப் பாருங்க. ஸ்டெப்னி வைக்கிற குழியைப் பாருங்க. சீட்டை மாட்டின போல்ட்டுல துரு இருக்கான்னு பாருங்க. கதவைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே உட்காருங்க. ஈரச் சாக்கு வாடை நமக்குத் தெரியாததா? உள்ளே வாசனை ஸ்ப்ரே தூக்கலா அடிச்சிருந்தா இன்னும் கவனமா பாருங்க.

இப்ப நாங்க என்ன செஞ்சோம்னு சொல்றேன். எங்களுக்கு ரெண்டு வண்டி வந்துச்சு. ஒண்ணு, நின்னு போன கம்பெனியோட நீளமான கார். 1,75,000 ரூபாய். பளபளன்னு இருந்தது. இன்னொண்ணு மாருதி ஈக்கோ வேன், 2015 மாடல், 2,60,000 ரூபாய். பார்க்க டப்பா மாதிரிதான் இருக்கும். எங்க வீட்டுக்காரருக்கே முதல் வண்டி மேலதான் ஆசை. 85,000 ரூபாய் வித்தியாசம் சின்னத் தொகை இல்லையே. குழுவுலயும் ரெண்டு பேச்சு இருந்துச்சு.

அந்தப் பத்துப் பொருள் தாளைக் கூட்டத்துல வச்சோம். ஈக்கோவுக்குப் பத்துல எட்டு அன்னிக்கே கடையில இருந்தது, மீதி ரெண்டும் மறுநாள் காலையில வரும்னு சொன்னாங்க. அந்த நீளக் காருக்கு மூணு இருந்தது. நாலு பொருளுக்கு ஆர்டர் போட்டா ஒரு வாரம், பத்து நாள். மூணு பொருளுக்கு, "விசாரிச்சுத்தான் சொல்லணும்மா". எங்க ஆர்டர்ல செலவு போக ஒரு நாளைக்கு ஆறு பேருக்கும் சேர்த்து 1,800 ரூபாய் நிக்கும். லோடு ஆட்டோ வச்சா அதுல 700 ரூபாய் போயிடும். வண்டி பத்து நாள் நின்னா ஆட்டோவுக்கு மட்டும் 7,000 ரூபாய். மூணு நாலு தடவை அப்படி நின்னா, அலைச்சலும் போன ஆர்டரும் சேர்ந்து குறைஞ்ச விலைன்னு நினைச்சது எங்கே போகும்? கணக்கை வாசிச்சதும் பேச்சு ஒண்ணாயிடுச்சு. ஈக்கோவை எடுத்தோம். ஆறு பேர்ல ரெண்டு பேர் வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்தோம்.

ரெண்டு வருஷம் ஆச்சு. பேட்டரி மாத்தினோம், பின் பிரேக் ஷூ மாத்தினோம், கிளட்ச் செட் மாத்தினோம். ஒரு தடவை ஆட்டோ உரசி சைடு மிரர் உடைஞ்சுது. பழைய வண்டின்னா செலவு வராம இருக்காது, வரும். ஆனா இந்த ரெண்டு வருஷத்துல வண்டி ஒரே மூச்சா அதிகமா நின்னது கிளட்சுக்காக ரெண்டு நாள். ஒரு தவணையும் தவறலை. நல்ல பழைய வண்டி எதுன்னு யாராவது என்னைக் கேட்டா, "காலையில கெட்டா சாயங்காலத்துக்குள்ள சரி பண்ண முடியுற வண்டி"ன்னு சொல்வேன்.

எல்லாரும் ஈக்கோதான் வாங்கணும்னு நான் சொல்ல வரலை. உங்க ஊருக்கு, உங்க தொழிலுக்கு வேற வண்டி சரியா இருக்கும். சான்ட்ரோவோ வேகன் ஆரோ, எதுவா இருந்தாலும் அந்தத் தாளோட கடை ஏறிட்டு வாங்குங்க. வாடகைக்கு ஓட்டணும்னா மஞ்சள் போர்டு வேணும், அதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முதல்லயே கேட்டுக்கோங்க. 15 வருஷத்தை நெருங்கின வண்டின்னா ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற செலவையும் விலையோட சேர்த்துக்கோங்க. முதல் வருஷத்துக்குன்னு கையில ஒரு தொகையை ஒதுக்கி வைங்க. கடன் காசு முழுக்க வண்டி விலைக்கே போகக் கூடாது.

கடைசியா, கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள். வண்டிக் கடன் மனுவோட இந்தப் பத்துப் பொருள் தாளையும், ரெண்டு கடையில விசாரிச்ச விலையோட, சேர்த்து வாங்குங்க. மனுவுல கையெழுத்துப் போடுற குழு முழுக்க அதைப் படிச்சிருக்கணும். நாம ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன். ஒருத்தர் வண்டி நின்னா நம்ம எல்லார் சேமிப்பும் சேர்ந்து நிக்குது. ரெண்டாவது, கூட்டமைப்பு ஆபீஸ்ல ஒரு நோட்டுப் போடலாம். யார் எந்த வண்டிக்கு எந்தப் பொருளை எந்தத் தேதியில என்ன விலைக்கு வாங்கினாங்க, எந்த மெக்கானிக் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தார்னு எழுதி வைக்கலாம். எங்க ஈக்கோவோட நாலு பில்லையும் கொண்டு வந்திருக்கேன். முதல் பக்கத்துல அதை ஒட்டிக்கலாம்.